புதுச்சத்திரத்துப் பனங்குருவிகள்

உலக யுத்தக் காலம். பிறந்த அன்றே குழந்தை தவறியதிலிருந்து என் மனைவி பாவாயி சேலத்து வீட்டில் சன்னலோரமாகவே படுத்துக் கிடந்தாள். எதிரே இருந்த நெட்டைப் பனையைப் பனங்குருவிகள் ஓயாமல் சுற்றும். சிட்டுக்குருவியைவிட ஒல்லியான உடம்பு, அரிவாளாக வளைந்த இறக்கை, கண்ணுக்குப் பிடிபடாத வேகம்.

"ஏனுங்க, இதுக எங்கதான் உக்காரும்?" என்றாள் ஒரு நாள். அவளாக வாய் திறந்து வெகு நாளாகியிருந்தது. புதுச்சத்திரம் பக்கம் குட்டைப் பனைகள் உண்டு, கூட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று சொன்னார்கள். சித்திரை மாத ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம்.

ஏறக்குறைய இருபத்துநான்கு மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டால், அடுப்புக்கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்தான். காலை ஏழுக்குப் புறப்பட்டது போய்ச் சேரப் பத்தாகிவிட்டது. மேடு வந்த இடத்திலெல்லாம் எங்களை இறக்கி நடக்கவிட்டார்கள். வெயிலில் அவள் தடுமாறியபோது, ஏன் கூட்டிவந்தோம் என்று எனக்கே அலுத்துப்போனது.

பனங்காட்டில் மாரப்பன் என்பவர் கூரைக்கு ஓலை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கீழே அடுக்கினார். அப்படி விழுந்த ஓலை ஒன்றின் அடிப்பக்கத்தில் கூடு இருந்தது. இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிய சின்னக் கிண்ணம். அதில் ஒரு குஞ்சு நகத்தால் தொற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பறவையின் காலுக்குக் கிளையில் உட்காரத் தெரியாது, தொங்க மட்டுமே முடியும்.

பாவாயி அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஓலைய மேல கட்டிருங்கண்ணா."

"காத்தால இருந்து ஏறி எறங்கிக் காலு கடுக்குதுங்க அம்மிணி. தாய்க்குருவி வருமின்னு என்ன நிச்சயம்?" என்றார் மாரப்பன்.

"வராட்டிப் போகுதுங்க. கீழ போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஓலையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். பழைய இடத்திலேயே தொங்கும்படி நாரால் இறுக்கினார்.

குருவி இரண்டு முறை வந்து விலகிப் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

"நீங்க முன்னால போங்க, நான் வாரேன்" என்றாள். நான் போகவில்லை. சாலையில் பஸ் போகும் சத்தம் கேட்டது.

நாங்கள் நால்வரும் தள்ளிப்போய் வரப்பில் உட்கார்ந்தோம். மறுபடி வந்த குருவி, சட்டென்று ஓலைக்கடியில் நுழைந்தது. குஞ்சின் மெல்லிய கீச்சொலி எழுந்தது. பாவாயி மண்ணில் கையூன்றி அழுதாள். குழந்தையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அழவில்லை. நான் எழப் போனேன்.

"அழுவட்டும், உடுங்க" என்றார் மாரப்பனின் மனைவி.

சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினோம். அந்தப் பறவைகளைப் பற்றி அவள் வழியெல்லாம் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் வலி. ஆனாலும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இந்தக் குருவிகளைப் பார்க்க அங்கே போகிறவர்கள் தண்ணீர் கொண்டு போங்கள். கரி பஸ்ஸை நம்பி மாலையில் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். கூடு தென்பட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள். நாம் தள்ளிப் போனால்தான் தாய் வரும்.