பிரஷர் அங்கிள் கொட்டிய பண்டோங்

பிரஷர் அங்கிள் எங்கள் புக்கிட் மேரா வட்டாரத்தில் நான்கு பேரைக் கொன்றவர். கொலைகாரனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று என் கணவர் கேட்பார். என்ன செய்ய, சின்ன வயதில் பழகிய வாய். 'அவர்' என்றுதான் வருகிறது.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, தனியாக இருக்கும் வயதானவர்களின் ஓரறை வீடுகளுக்கு வருவார். காசு வாங்கமாட்டார். போதாததற்கு, காப்பிக் கடையிலிருந்து ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங் வேறு வாங்கி வருவார். அப்படிக் குடித்தவர்களில் நான்கு பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். எண்பதைத் தாண்டியவர் தூக்கத்தில் போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? கொடுத்துவைத்த சாவு என்றார்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த அந்தத் துக்கங்களுக்கெல்லாம் அவரே முன்னால் நின்று, வந்தவர்களுக்கு வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு பாக்கெட். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, அடுத்த புளோக்கில் தனியாக இருந்தார். கால் முடியாமல் போனதிலிருந்து மாதா கோயிலுக்குப் போகமுடியவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குக் கோயிலிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கே நற்கருணை அப்பம் கொண்டுவருவார். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே அத்தை வாயில் எதையும் வைக்கமாட்டார். நோயாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று சாமியாரே சொல்லிப் பார்த்தார். நோயாளிகளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றுவிட்டார் அத்தை. பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

நான் அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்தேன். அப்படியொரு முதல் வெள்ளியன்று பள்ளி சீக்கிரம் விட்டதால் அத்தை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தால் பிரஷர் அங்கிள். மேசைமேல் ஐஸ் மிதக்க ஒரு கிளாஸ் பண்டோங். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியானது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா பாப்பா என்று இரண்டு தடவை கேட்டார்.

நற்கருணை வாங்கிவிட்டுத்தான் குடிப்பேன் என்றார் அத்தை.

"இப்பவே குடிச்சிடுங்க அக்கா. ஐஸ் கரைஞ்சிடும் லா."

கரைந்தால் கரையட்டும் என்று அத்தை கைத்தடியை ஊன்றி எழுந்து, மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனார். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வாய்க்கும்? கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

பளீரென்று ஓர் அடி. கிளாஸ் பறந்துபோய் மேசைக்கடியில் உருண்டது. என் பள்ளிச் சீருடையெல்லாம் ரோஸ். அங்கிள் மண்டிபோட்டு, தன் கைக்குட்டையாலேயே தரையைத் துடைத்தார். ஐஸ் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று முணுமுணுத்தார். கிளாஸைக் கழுவித் தருகிறேன் என்றவரை அத்தை தடுத்து, நானே பார்த்துக்கொள்கிறேன் தம்பி என்று அனுப்பிவைத்தார்.

கதவைச் சாத்தியதும், அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த கிளாஸை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தார். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டு அப்பா சிரித்திருக்கவேண்டும்.

"சிரிக்காத தம்பி. என்னைய குடி குடின்னான். புள்ள எடுத்ததும் தட்டி விட்டுட்டான். ஏன்னு யோசிச்சுப் பாரு."

அப்பா வேலையைப் போட்டுவிட்டு டாக்சியில் வந்தார். கிளாஸ் போலீசுக்குப் போனது. மிச்சமிருந்த பண்டோங்கில் அளவுக்கு மீறிய தூக்க மருந்து இருந்தது. சில நாள் கழித்து, தோ பாயோவில் இன்னொரு வயதானவர் வீட்டு வாசலில், கையில் பண்டோங் பையோடு அவரைப் பிடித்தார்கள். தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்றாராம். கஷ்டத்தோடு சேர்த்து அவர்களுடைய சங்கிலியையும் வளையலையும் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

என்னை விசாரிக்க ஒரு பெண் போலீஸ் வீட்டுக்கு வந்தார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! என் பண்டோங்கைத் தட்டிவிட்டார், என்னை அடித்தார் என்று கையை ஓங்கி நடித்தே காட்டினேன். அவருக்கு நல்ல தண்டனை கிடைக்குமா என்றும் கேட்டேன். அந்தப் பெண் போலீஸ் பேனாவை மூடிவைத்தார்.

அடுத்த ஞாயிறு, இறந்த நால்வருக்காகவும் அத்தை பூசைக்குப் பெயர் கொடுத்திருந்தார். டாக்சி பிடித்து, அப்பா தோளைப் பற்றிக்கொண்டு அவரே வந்தார். சாமியார் நால்வர் பெயரையும் வாசித்துவிட்டு ஐந்தாவதாக அங்கிளின் பெயரையும் வாசித்தபோது கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவனுக்குமா என்று அத்தையைக் கேட்டார். புள்ள உசுரோட இருக்குல்ல என்றார் அத்தை. அம்மா அப்படியே முழங்காலில் விழுந்தார்.

கிளாஸைத் தட்டிய அந்தக் கை மட்டும் சும்மா இருந்திருந்தால் அவர் மாட்டியிருக்கமாட்டார். நானும் இருந்திருக்கமாட்டேன். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. என் பண்டோங்கைக் கொட்டினவருக்குப் பூசையா என்று ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரும் முழங்காலிட்டு அவருக்காகச் செபிக்க, நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.