நேராக்கிய பாட்டு

பாட்டுக்கேற்ப சீரியல் லைட் எரிய வைப்பது என் தொழில். தென்காசியில் இதைச் சொன்னால், பாட்டைப் போட்டதும் லைட் தானாக ஆடும் என்றுதான் நினைப்பார்கள். ஆடாது. கம்ப்யூட்டரில் பாட்டை ஓடவிட்டு, தாளத்துக்குத் தாளம் ஒரு கோடு போட்டு, எந்தக் கோட்டில் எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று உட்கார்ந்து குறிக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்குப் பத்து நாள் போகும். பத்தாம் நாள் அந்தப் பாட்டைக் கேட்டாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன டிசம்பரில் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு லாட்ஜ் முகப்பு முழுக்க லைட் போட வேண்டும். பாட்டு, அவர் மனைவி பாடியது. சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் நடந்தபின் குரல் போய்விட்டது. மிச்சம் இருப்பது போனில் பதிந்த இந்த ஒரு பாட்டுதான். அதன்பிறகு அவர் நாலு பேர் முன்னால் வந்து உட்காருவதே இல்லையாம்.

"இதுக்காவது வெளிய வருதாளான்னு பாக்கேன் தம்பி" என்றார்.

எனக்கு அந்தப் பாட்டு பெருந்தொல்லையாக இருந்தது. ஆர்மோனியத்தோடு மட்டும் பாடியது. ஓரிடத்தில் வேகம், ஓரிடத்தில் நிதானம். சம இடைவெளியில் நான் போட்ட கோடுகளில் ஒன்றுகூட அவர் குரலோடு சேரவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் பாட்டையே நேராக்கிவிட்டேன். இழுத்த இடங்களைச் சுருக்கி, வெற்றிடங்களை வெட்டினேன். கோடுகள் பிசகாமல் உட்கார்ந்தன. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

சோதனைக்கு ஓடவிட்ட அன்று அந்த அக்கா வாசலில் வந்து நின்றார். இரண்டாவது வரி முடியுமுன் உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போன அண்ணாச்சி சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"அது நான் இல்லன்னு எழுதிக் காட்டுதா. என்னலே பண்ணுன அவ பாட்ட?"

வெட்கமாக இருந்தது. பழைய பதிவை எடுத்துக்கொண்டு லேப்டாப்போடு உள்ளே போனேன். கோடு போட இன்னொரு வழி உண்டு. பாட்டு ஓட ஓட, கையாலேயே பொத்தானைத் தட்டிக்கொண்டு போவது; தட்டிய இடத்தில் கோடு விழும். சோம்பலில் நான் அதைச் செய்வதில்லை.

"அக்கா, நீங்களே தட்டுங்க" என்றேன்.

நம்பாமல் பார்த்தார். பிறகு தட்டினார். உதடுகள் வார்த்தைகளோடு அசைந்தன. கடைசிச் சரணத்துக்கு முன் மட்டும் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆர்மோனியம் தனியாக இழுத்துக்கொண்டிருக்க, அவர் நிதானமாக மூச்செடுக்கும் சத்தம் பதிவில் கேட்டது. நான் வெட்டி எறிந்த இடம் அதுதான். அங்கே எல்லா விளக்கையும் அணைத்து வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், அருவிக்குப் போன ஐயப்ப சாமிமார்கூட நின்று பார்த்தார்கள். அக்கா முன்வரிசையில் இருந்தார். அந்த இடம் வந்ததும் முகப்பு மொத்தமும் இருண்டது.

"ஏலே, கரண்டு போயிட்டு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

அக்கா திரும்பவில்லை. பொறு என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, நிதானமாக மூச்சை இழுத்தார்.