நாலாவது புத்தகம் தாமதமானது யாரால்?

சென்ற சனிக்கிழமை காலை, இங்கே கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் ஒரு புத்தகக் கடை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கறுப்பு அங்கி போட்டு, இடுப்பில் அட்டைக் கத்தி செருகியிருந்தார். வார நாட்களில் சிப் டிசைன் செய்பவராம். பின்னால் நின்ற பெண்மணி தலையில் கிரீடம். நடுவில் நான், ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு.

எல்லாம் ஒரு புத்தகத்துக்காக. மந்திரம், வாள், அரியணைச் சண்டை என்று எண்ணூறு எண்ணூறு பக்கமாக மூன்று பாகம் வந்த ஒரு நாவல் வரிசை. நாலாவது பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லி, ஒரு வழியாக அன்றுதான் வெளியானது.

"மூணு தடவை தள்ளிப்போட்டாங்க!" என்று கத்திக்காரர் ஆங்கிலத்தில் பொருமினார். "யார் காரணம்னு மட்டும் தெரிஞ்சா..." என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

நான் குனிந்து பையனின் ஷூ லேஸைச் சரிசெய்தேன். அவனுக்கு அன்று ஷூவே போட்டிருக்கவில்லை.

ஏனென்றால் காரணம் யாரென்று எனக்குத் தெரியும். என் மாமனார்!

போன வருஷம் என் மனைவி கவிதாவின் பிரசவத்துக்காக மாமாவும் அத்தையும் ஈரோடு மாவட்டத்துக் கோபி பக்கத்திலிருந்து சன்னிவேலுக்கு வந்தார்கள். ஆறு மாத விசா. அத்தைக்கு வந்த நாள் முதல் வேலை இருந்தது. பத்தியச் சமையல், பிள்ளைக்குக் குளிப்பாட்டு, மகளுக்கு அதட்டல். அப்பாக்களின் கதைதான் பாவம். கார் ஓட்டத் தெரியாது, தமிழ்ப் பத்திரிகை மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அபார்ட்மென்ட்டைச் சுற்றி எத்தனை தடவைதான் நடப்பது?

பத்தாவது நாள் மாமா என் அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்தார். மூன்று பாகமும் ஆபீஸ் நண்பன் ஒருவன் பிறந்த நாளுக்குக் கொடுத்தது. நான் அட்டையைத் தாண்டியதில்லை.

மாமா முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்குக் கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாது. பேரனை மடியில் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக, பத்திரம் படிக்கிற மாதிரியே படித்தார். நோட்டுப் புத்தகத்தில் வம்சாவளி போட்டார். யார் மூத்த தாரத்துப் பிள்ளை, எந்தக் கோட்டை யாருக்குத் தானமாக வந்தது, எல்லாவற்றுக்கும் பக்க எண்.

நான் வேலை முடிந்து வந்து காபியில் வாய் வைப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, இந்த அரியணைல வில்லங்கம் இருக்குதுங்க. பெரியவன் கையெழுத்தே போடலையே!"

"பேரனைக் கொஞ்ச வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?" என்பார் அத்தை. மாமா பேரனைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்புவார்.

மூன்றாம் பாகம் முடிகிற இடத்தில்தான் ஆபத்து. ஏழு வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணன் திரும்பி வந்து கோட்டையின் மேற்கு வாசலில் நிற்கிறான். உள்ளே தங்கை. அவன் சமாதானத்துக்கு வந்தானா, சதிக்கு வந்தானா, அவளுக்குத் தெரியாது. தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்... புத்தகம் முடிந்துவிட்டது. திறந்தாளா, இல்லையா?

மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் பாகம் செப்டம்பரில் என்று அறிவித்திருந்தார்கள். மாமாவுக்கு அக்டோபரில் ரிட்டர்ன் டிக்கெட். "படிச்சுப்போட்டுத்தான் ப்ளேன் ஏறுவேன்" என்றார். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். அங்கேதான் வந்தது வினை.

"மாப்ள, செக்குபந்தி தப்புங்க!"

செக்குபந்தி என்றால் பத்திரத்தில் எழுதுகிற நான்கு எல்லை. முதல் பாகத்தில் கோட்டைக்குக் கிழக்கே ஆறு, மேற்கே மேய்ச்சல் நிலம். வரைபடமும் அப்படித்தான். மூன்றாம் பாகத்தில் அண்ணன்காரன் மேற்கேயிருந்து படகில் ஆற்றைக் கடந்து வருகிறான்.

"மேற்க ஏதுங்க ஆறு?"

லட்சக்கணக்கான பேர் படித்த புத்தகம். ஒருவர் கண்ணிலுமா படவில்லை? நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆசிரியருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். பக்க எண், வரி எண், ஸ்கேல் வைத்துப் போட்ட படம். கடைசி வரி, ஆபீஸ் ஆங்கிலத்தில் — இப்பிழையைத் திருத்திய பின்னரே அடுத்த பாகத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

யார் படிக்கப்போகிறார்கள் என்று நானே தபாலில் சேர்த்தேன்.

ஆகஸ்ட்டில் பதிப்பகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது. இரண்டே வரி. நீங்கள் சொன்னது சரி, ஆசிரியர் அந்தப் பகுதியைத் திருப்பி எழுதுகிறார். அடுத்த வாரம் அறிவிப்பு: புத்தகம் செப்டம்பரில் வராது!

எங்கள் கடிதம்தான் காரணமா, கடவுளுக்கே வெளிச்சம். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. இன்டர்நெட்டில் ரசிகர்கள் கொதிப்பதை மோடம் போட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இத்தனை சனம் காத்திருக்குதுங்களா? தாமதத்துக்கு நாந்தான் காரணம்னு ஒரு வரி டைப் பண்ணிப் போடுங்க மாப்ள."

கவிதா ஓடிவந்து மோடத்தைப் பிடுங்கினாள். "அப்பா, ப்ளீஸ்ப்பா! நாங்க இந்த ஊர்ல இருக்க வேண்டாமா? எதுக்குப்பா அந்த லெட்டர் எழுதினீங்க? பேசாம இருந்திருந்தா நீங்களே படிச்சுட்டுப் போயிருக்கலாமில்ல?"

"தப்புன்னு தெரிஞ்ச பத்திரத்தைப் பதிவு பண்ணச் சொல்றியா, சாமி?"

கவிதா மோடத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்டோபரில் ஏர்போர்ட்டில் அத்தை பேரனை முத்தமிட்டு அழுதார். மாமா என்னைத் தனியே அழைத்தார். "எழுதறவருக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது. ரெண்டு பேர்ல ஒருத்தர் முந்திக்காம இருக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இருந்திருக்கலாமே என்று வீடு வரும் வரை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அதன்பின் இன்னும் இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள்.

எழுத்தாளரை அவசரப்படுத்த ஆயிரம் பேர் உண்டு. "மெதுவா எழுதுங்க, சரியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ஆசையைத் தானே தள்ளிப்போட எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தை நிரப்புகிற எனக்கு இப்படி ஒரு வாசகர் வாய்த்தால்... நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். புத்தகத்தை வாங்கி, கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து முதல் அத்தியாயத்தைப் படித்தேன். வாழ்க்கையில் நான் படித்த முதல் மந்திரவாதக் கதை அதுதான். சாயங்காலம், கோபியில் ஞாயிறு விடிந்ததும், மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, வந்துடுச்சு! உங்களுக்கு ஒண்ணு தபால்ல அனுப்பிட்டேன். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அட, சொல்லிப்போடுங்க மாப்ள. ஒரு வருசம் பொறுத்தாச்சு, இனி ஒரு நிமிசம் முடியாது. ஆறு எந்தப் பக்கமுங்க?"

"அண்ணன் கோபிச்சுட்டுப் போன அந்த வருஷமே பெரிய வெள்ளமாம் மாமா. ஆறு பழைய தடத்தை விட்டுட்டு மேற்கே திரும்பிடுச்சாம். ஒரு அத்தியாயமே எழுதியிருக்கார். அவன் போகும்போது கிழக்கே இருந்த ஆறு, திரும்பி வரும்போது குறுக்கே நிக்குது. படகே ஓட்டத் தெரியாதவன், அதைத் தாண்டி வந்திருக்கான். அதைப் பார்த்துத்தான் தங்கச்சி..."

"தொறந்துட்டாளா?"

"திறந்துட்டா மாமா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லதுங்க... ரொம்ப நல்லதுங்க" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பின்னால் அத்தை, "பேரன் எப்படி இருக்கான்னு கேளுங்க!" என்று கத்தினார்.

மாமா கேட்கவில்லை. ஏதோ தாள் புரளும் சத்தம்.

"அது சரிங்க மாப்ள... ஆறு மேற்க போயிருச்சுன்னா, கெழக்க பழைய ஆத்து நெலம் அத்தனையும் சும்மா கெடக்குமே. அது யார் பேர்ல இருக்குதுங்க?"

ஐந்தாவது புத்தகத்துக்காகக் காத்திருக்கும் அன்பர்களே... என்னை மன்னித்துவிடுங்கள்!