முருப்பின் பணிவு

லடாக்கில் எங்கள் ஊர் விருந்துகளில் அடுப்போரம் பெரியவர்களுக்கு, வாசலோரம் பொடியன்களுக்கு. பெரியவர் முருப் அடுப்போரத்தை எவனுக்கும் விட்டுக்கொடுத்த ஆளில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஊர்க்கூடத்து அடுப்பைப் பிடுங்கிவிட்டு, கூரைமேல் வெயிலில் சூடேறிய தண்ணீரைத் தரைக்கடியில் குழாய்களில் ஓடவிட்டார்கள். தண்ணீர் நுழைவது வாசல் பக்கம்; பெரியவர்கள் பக்கம் வருவதற்குள் ஆறிப்போகும். முருப்புக்குப் பல் தந்தியடித்தது. எழுந்துபோய், கழற்றிப்போட்ட பூட்ஸ்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"எனக்கு எதுக்குப்பா பெரிய இடமெல்லாம்?"

"என்ன பணிவு!" என்று ஊர் உருகியது.

"பணிவாவது! அந்த மனுசனுக்கு அடியில சுட்டாத்தான் அதெல்லாம் வரும்" என்றாள் அவர் மனைவி யங்டோல்.

அவள் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த கல்யாணத்தில் பெரியவர்கள் அத்தனை பேரும் பணிவோடு வாசலை அடைத்துக்கொண்டார்கள். வெளியே பனியில் நின்ற மணப்பெண் கத்தினாள்:

"தாத்தாமாரே, கொஞ்சம் பணிவைக் குறைச்சுக்கிட்டு வழி விடுங்க!"