முன்கம்பியில் ஓர் இடம்

பல்லக்கா என்று அவளுக்குப் பெயர் வந்ததற்கு அவளுடைய பல் காரணமில்லை. அதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அவள் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் பிளாஸ்டர் ஈறுகளை மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடி சரியாக விழுகிறதா என்று மேலும் கீழும் சேர்த்துப் பார்த்து, ராவி, பாலிஷ் போட்டு அனுப்புவாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் அதை மாட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பார். இருபது வருஷமாக அதே கூடம், அதே ஜன்னலோர மேசை, பாலிஷ் மெஷினின் அதே கிர்ரென்ற சத்தம்.

"நாள் பூரா வாயோடயே மல்லுக்கட்டுறேன். லீவு நாள்லயாவது வாயில்லாத பாட்டு கேக்குறேனே, விடுங்களேன்" என்பாள், யாராவது கிண்டல் செய்தால்.

கிண்டலுக்குக் காரணம் இருந்தது. அவள் உயிராய் நினைக்கிற ராக் குழுவில் பாடுகிறவர் என்று ஒருத்தருமே கிடையாது. இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், ஒரு டிரம்ஸ், முடிந்தது. மேடையில் பேச ஒரு மைக் கூட இருக்காது. வருவார்கள், வாசிப்பார்கள், தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதற்குப் பத்தொன்பது வருஷத்தில் அறுபத்திரண்டு தடவை போயிருக்கிறாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்கூட ஒருமுறை போய், தொண்டை கட்டிப்போய் வந்து, பெற்றவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

புருஷன் தையற்காரர். ஆண்களுக்குப் பேன்ட் தைப்பதில் கெட்டிக்காரர், குள்ளமான ஆள், வாய் மட்டும் நீளம். "வாயில்லா ஜீவனுங்க நாலு பேரு ஆளுக்கொரு பக்கம் இடிக்கிறாங்க, அதுக்கு டிக்கெட் வேற!" என்பார். பதினாறு வருஷம் இப்படியே ஓடியது. இந்த வருஷம் ஒருநாள் பொத்தான் தைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "இந்தத் தடவை நானும் வர்றேன். அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வேலையில் ஒரு கீழ்த்தாடைக்கு மேல்பல்லைப் பதித்துவிட்டு, மேஸ்திரி பார்த்துச் சிரிக்கிறவரை கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக் கச்சேரிக்குக் காலை ஒன்பது மணிக்கே வரிசையில் நிற்பது இந்த ரசிகர்களின் வழக்கம். வந்த வரிசைப்படி மணிக்கட்டில் மார்க்கர் பேனாவால் எண் போட்டுக்கொள்வார்கள். முதல் முப்பது பேருக்கு முன்கம்பி. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தடுப்பு, அதுதான் முன்கம்பி. அதைப் பிடித்துவிட்டால் மூத்திரம் முட்டினாலும் விடமாட்டார்கள். பல்லக்காவின் இடம் எப்போதும் பேஸ் கிதார்காரருக்கு நேர் எதிரே. அவரை இவர்கள் நெட்டை என்பார்கள். நெட்டையும் இத்தனை வருஷத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் முதல் உருப்படியின் நடுவே அந்த இடத்தைப் பார்த்துப் புருவத்தை ஒருமுறை தூக்குவார். அது போதும் அவளுக்கு, ஆறு மாசத்துக்குத் தாங்கும்.

அன்றைக்கு அவள் எண் பன்னிரண்டு. புருஷன் கடையைப் பூட்டிவிட்டு நாலரைக்குத்தான் வந்தார், எண் எழுநூற்றுச் சொச்சம். அந்த ஆள் பின்னால் நின்றால் கழுத்துகளைத் தவிர ஒன்றும் தெரியாது. பல்லக்கா யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கெஞ்சி அவரை உள்ளே இழுத்து, தன் இடத்தில் கம்பியோடு நிறுத்தினாள்.

"நீ?"

"நான் ரெண்டு வரிசை தள்ளி நிக்கிறேன். நீங்க பாருங்க. இதைவிட நல்ல இடம் இந்த உலகத்துலயே கிடையாது."

பெரிய தப்பு நடந்தது அங்கேதான். முன்கம்பியில் நிற்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு காலை முன்னால் வைத்து, முழங்கைகளை மார்புக்கும் கம்பிக்கும் நடுவே கொடுத்து, உடம்பை லேசாக ஒருக்களித்து நிற்க வேண்டும். அப்போதுதான் பின்னாலிருந்து எவ்வளவு நெருக்கினாலும் மூச்சுவிட இடம் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அவள் உடம்பு தானாகச் செய்கிற காரியம் அது. சொல்லித்தர வேண்டும் என்று தோன்றவே இல்லை அவளுக்கு. அவர் சமர்த்தாகக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நெஞ்சைக் கம்பியில் அப்படியே சாய்த்து நின்றார்.

கதவைத் தாமதமாகத் திறந்திருந்தார்கள். முதல் உருப்படி ஆரம்பித்த பிறகும் வெளியே பாதிக்கூட்டம். சத்தம் கேட்டதும் அவர்கள் தபதபவென்று உள்ளே பாய்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிதார்காரர் மேடை விளிம்புக்கு வந்து நின்றார். இரண்டாயிரம் பேர் ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

பல்லக்காவின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பி, மறுபடி தரைக்கு வந்தன. இது அவளுக்குப் பழக்கம்தான். எட்டிப் புருஷனைப் பார்த்தாள். அவர் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, கண் விரிந்திருந்தது. அடேயப்பா, மனுஷன் ஒருவழியாகச் சொக்கிவிட்டார் என்று அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கட்டை விரலைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

இன்னும் ஒரு நிமிஷம் போயிருக்கும். அவர் தலை தொய்ந்து கம்பிக்கு மேல் கவிழ்ந்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. காதோரம் சாம்பல் பூத்திருந்தது. உதடு நீலம்.

"என்னங்க! ஏங்க!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முன்னால் இருந்தவனின் முதுகில் குத்தினாள். அவன் ஆட்டத்தில் குத்துகிறாள் என்று சிரித்தான். தடுப்புக்கு உள்ளே ஒரே ஒரு காவலாள், காதில் அடைப்பான், அந்தக் கோடியில் வேறு யாரையோ தூக்கிக்கொண்டிருந்தான். "நிறுத்துங்கள், பின்னால் போங்கள்" என்று சொல்லக்கூடிய ஒரு வாய் மேடையில் இல்லை. இருந்தாலும் மைக் இல்லை. வாயில்லாத குழுவை இத்தனை வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடினாயே, இப்போது யாரடி பேசுவார்கள் என்று அவள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நெட்டை வழக்கப்படி அவள் இடத்தைப் பார்த்தார். அங்கே யாரோ ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தார். நெட்டையின் புருவம் ஏறவில்லை, சுருங்கியது. கண்கள் பின்னால் தேடின.

பல்லக்கா இரண்டு கைகளையும் பிய்த்து வெளியே எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கைகளைப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அந்தக் கூட்டத்தில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். 'பத்தடி'.

'பத்தடி' என்பது குழு வைத்த பெயரல்ல, ரசிகர்கள் வைத்தது. கச்சேரியின் கடைசி உருப்படி. அதன் நடுவில் எல்லாம் அடங்கிப்போய் பேஸ் கிதார் மட்டும் ஒரு சின்னச் சுற்றைப் பத்துத் தடவை வாசிக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம் முழுவதும் ஓரடி பின்னால் போகும். பத்து முடிந்ததும் டிரம்ஸ் இடிக்கும். எல்லோரும் மேடையை நோக்கி ஓடிவருவார்கள். யார் ஆரம்பித்து வைத்த பழக்கமோ தெரியாது, பின்வரிசையில் புதிதாக வருகிறவனுக்குக்கூட அது தெரியும்.

நெட்டை ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் அறுத்துவிட்டு அந்தச் சுற்றைத் தொடங்கினார். மற்றவர்கள் திகைத்து நிறுத்தினார்கள். முதல் உருப்படியிலேயே பத்தடியா! கூட்டம் ஓவென்று கத்தியது, கத்திக்கொண்டே ஓரடி பின்னால் போனது.

ஒன்று. இரண்டு. நெரிசல் தளர்ந்தது. மூன்றாவது சுற்றில் புருஷன் கம்பியிலிருந்து வழுக்கித் தரையில் சரிந்தார்.

எல்லோரும் பின்னால் போக, அவள் மட்டும் முன்னால் பாய்ந்தாள். "பல்லக்கா, பின்னால வாங்க, பின்னால!" என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள். ஐந்தாவது சுற்றில் அவரிடம் போய்ச் சேர்ந்தாள். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே சதை போட்ட உடம்பு, அசைந்தால்தானே.

"அண்ணே! இங்க! இந்தப் பக்கம்!" இப்போது அவள் குரல் கேட்டது. காவலாள் ஓடிவந்தான். ஏழு. அவன் மேலே இழுக்க, இவள் கீழிருந்து தோளைக் கொடுத்தாள். எட்டு. இடுப்பு பெல்ட் கம்பியில் மாட்டிக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் எட்டடிக்கு வெறும் தரை. அதற்கப்பால் இரண்டாயிரம் பேர் முழங்காலை மடித்து ஓடத் தயாராக நின்றார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, இங்கே ஒருவர் கிடப்பது முதல் வரிசையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. மேடையில் டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான் வாசிப்பார். தூங்குமூஞ்சி என்றுதான் அவருக்குப் பெயர். ஒன்பதாவது சுற்றுக்கு அவருடைய குச்சிகள் தலைக்கு மேல் ஏறிவிட்டன.

"நெட்டை அண்ணே, வேணாம்ணே!" என்று அவள் அலறினாள்.

நெட்டை வாசித்துக்கொண்டே மூன்றே எட்டில் பின்னால் போய், கிதாரின் கழுத்தால் டிரம்ஸின் பித்தளைத் தட்டை ஓங்கித் தள்ளினார். அது தடாலென்று சாய்ந்தது. தூங்குமூஞ்சி கண்ணைத் திறந்தார். குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பத்து முடிந்தது. இடி விழவில்லை.

பதினொன்றாவது சுற்று கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் கேட்காத சுற்று. கூட்டம் ஒன்றும் புரியாமல் முழித்தது. ஆனால் பழகின காலாயிற்றே, இன்னும் ஓரடி பின்னால் வைத்தது. பன்னிரண்டுக்கும் வைத்தது. பெல்ட் அறுந்து அவர் அந்தப் பக்கம் விழுந்தார், கூடவே அவளும் தாண்டி விழுந்தாள். நெட்டை கையை எடுத்துவிட்டார். கூடம் நிசப்தமானது.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு பெஞ்சு, ஆக்ஸிஜன் உருளை. முதலுதவிக்கு வந்திருந்த பெண் அவர் மூக்கில் குழாயை வைத்து, நெஞ்சை அழுத்திப் பார்த்தாள். இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டிருக்கும் போல, உயிருக்குப் பயமில்லை, வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றாள். இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கால் மணி நேரத்தில் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பல்லக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"என்னங்க, நீங்க என்னைத் திரும்பிப் பாத்தீங்கல்ல, வாயைத் தொறந்துக்கிட்டு... நான் ரசிக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன். பாவி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்."

அவர் மூச்சைச் சேகரித்துக்கொண்டு, துண்டுதுண்டாகப் பேசினார். "பாத்தேன். மூச்சே வரலை எனக்கு. பக்கத்துல இருந்தவன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா விரலைக் காட்டினியா... சரி, இங்க இப்படித்தான் இருக்கும் போல, பதினாறு வருஷத்துல ஒரு நாள் வந்திருக்கோம், கெடுக்க வேணாம்னு பேசாம இருந்துட்டேன்."

வாய் ஓயாத மனுஷன், வாழ்க்கையில் ஒருதடவை பேசாமல் இருந்திருக்கிறார். பல்லக்கா அவர் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முதலுதவிப் பெண் கதவைச் சாத்திவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனாள்.