இரு தரப்பும் ஒத்துக்கொண்டது

என் அண்ணி சட்டக் கல்லூரியில் சேர்ந்ததற்குக் காரணம், ஒரு பெண் பாதிக் கதையில் எழுந்து போனதுதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அண்ணியைக் கேட்டாலோ, வேறு பெரிய காரணமாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் அதையேதான் சொல்வாள்.

அண்ணி பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறவள். கழுத்தில் துணியைக் கட்டியதுமே வருகிறவர்களுக்கு வாய் திறந்துகொள்ளும். மாமியார், மேனேஜர், மாடி வீட்டுக்காரர் என்று யாரும் தப்ப முடியாது. அண்ணி கத்தரியை நிறுத்தாமல் "அப்புறம்?" என்பாள். பார்லரில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்றே பெயர். ஒருநாள் ஒருத்தி தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டே, தன் தம்பி மேல் போட்ட வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார் என்பதுவரை வந்தது. அதற்குள் சாயம் காய்ந்துவிட்டது. தலையை அலசிக்கொண்டு போனவள் போனவள்தான், மறுபடி அந்தப் பக்கமே வரவில்லை.

அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேனாவை மூடிவைத்த நீதிபதி என்ன சொல்லியிருப்பார் என்று என் அண்ணனைக் கேட்டாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எதைக் கேட்டாலும் "ம்" என்பார், அதற்கும் "ம்" என்றார். என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? கடைசியில் மாலை நேரச் சட்டக் கல்லூரியின் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஊரில் இருக்கிறவர்கள் நியாயம் வேண்டிச் சட்டம் படிக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒருத்தி மீதிக் கதை வேண்டிப் படிக்கப் போனாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, எழுத்து தெரிகிறதா இல்லையா என்று கேட்பது என் வேலை. தெரிகிறது, தெரியவில்லை, இரண்டில் ஒன்று. அதற்கு மேல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அண்ணிக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று என் அம்மாவே ஆச்சரியப்பட்டிருக்கிறாள்.

முதல் வருடம் அண்ணி எல்லாப் பாடத்திலும் தேறினாள், ஒப்பந்தச் சட்டம் தவிர. அதைத் திரும்ப எழுதினாள், திரும்பவும் போயிற்று. அந்தக் கல்லூரியில் ஒரே பாடத்தில் மூன்றாவது முறை தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி சேர வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து. அண்ணி வயதில் யார் ஆரம்பத்திலிருந்து சேருவார்கள்?

விடைத்தாளை வாங்கிப் பார்த்தோம். பேராசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "கதை நன்றாக இருக்கிறது. சட்டம் எங்கே?"

அண்ணி அதற்குக் கோபப்படவில்லை. "நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரே" என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு படிக்கும் முறையை மாற்றிப் பார்த்தாள். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பேனா என்றார்கள், புத்தகம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. விடியற்காலையில் படித்தால் மண்டையில் ஏறும் என்றார்கள். விடியற்காலையில் அவள் மேஜை மேல் தலை வைத்துத் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாள். அந்தப் பிள்ளைகள் தங்கள் காதல் கதைகளை அவளிடம் கொட்டிவிட்டு லேசான மனதோடு போய்ப் பாஸ் செய்தார்கள். சமையலறைச் சுவரில் சட்டப் பிரிவுகளை எழுதி ஒட்டினாள். அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக "ம்" என்பதற்குப் பதில் "ஐயோ" என்றார்.

வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற ஒரு பெண் இருந்தாள். எல்லா விடையும் ஒரே அச்சில் இருக்கும் என்பதால் அவளுக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர். அவள் தன் வழியைச் சொல்லிக்கொடுத்தாள். எந்தத் தீர்ப்பாக இருந்தாலும் நாலே வரி. என்ன நடந்தது, என்ன கேள்வி, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது. அண்ணி அப்படியே எழுதிப் பார்த்தாள். 'என்ன நடந்தது' மூன்று பக்கம் வந்தது. மற்ற மூன்றுக்கும் தாளில் இடம் இல்லை.

சரி, எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லிப் பழகுங்கள் என்றேன். கேட்கிற ஆள் நான். அதாவது அக்கறையே இல்லாமல் கேட்கிற ஆள். பாத்திரம் கழுவும்போது ஒரு வழக்கு, துணி மடிக்கும்போது ஒரு வழக்கு.

"ஒருத்தர் குதிரை வாங்கப் போறார். அந்தக் குதிரைக்கு ஒரு கண்ணு லேசா..."

"கோர்ட் என்ன சொல்லிச்சு?"

"இரு, வித்தவருக்கு அது தெரியுமா தெரியாதாங்கறதுலதான்..."

"அண்ணி, கோர்ட் என்ன சொல்லிச்சு?"

"உன்னை மாதிரி ஆளுங்க கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட நேரா பந்திக்குத்தான் போவீங்க" என்பாள்.

தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோதுதான் அந்த அக்கா தங்கை வழக்கு வந்தது. அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். அக்கா வெளியூரில். தங்கை வங்கியில் வேலை. "நீ வேலையை விட்டுட்டு அம்மாவைப் பாத்துக்கோ, மாடி உனக்கு" என்று அக்கா சொன்னாளாம். தங்கை வேலையை விட்டாள், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அம்மா போனதும் அக்கா, தன் பேரில் இருந்த அந்த வீட்டை மாடியோடு சேர்த்து விற்றுவிட்டாள். தங்கை வழக்குப் போட்டுத் தோற்றாள். குடும்பத்துக்குள் பேசுகிற பேச்சு ஒப்பந்தம் ஆகாது என்பது தீர்ப்பு.

இதை அண்ணி முழுதாகச் சொல்லி முடித்தாள், ஏனென்றால் அன்றைக்கு நான் இடையில் நிறுத்தவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

"தங்கச்சி இப்ப பை ரிப்பேர் கடை வெச்சிருக்காங்களாம். தெருப் பேரு தீர்ப்புலயே இருக்கு. நம்ம ஊருதான்" என்றாள்.

"வேண்டாம் அண்ணி."

"போய்ப் பாத்துட்டு மட்டும் வந்துடலாம்."

"பரீட்சைல அவங்க கடை எங்க இருக்குன்னு கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். மறுநாள் என் நல்ல கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளைத் தனியாக விட்டால் பையும் வராது, படிப்பும் வராது என்று நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற அகலத்தில் இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்கக் கொக்கிகளில் ஜிப்புகள் தொங்கின. சக்கரம் கழன்ற பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வாயில் நூலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஜிப்பை மாத்தணுங்க" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. வக்கீலாகப் போகிறவளுக்கு அது குறையா நிறையா என்று எனக்குத் தெரியவில்லை. "உங்க கேஸை எங்க காலேஜ்ல பாடமா நடத்துறாங்க" என்று போட்டு உடைத்தாள்.

அந்தப் பெண் வாயிலிருந்து நூலை எடுத்தாள். "என் கேஸையா? அது தோத்துப்போன கேஸாச்சே."

"உங்க அக்காவுக்கு அது ஜெயிச்ச கேஸ்தானே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. அண்ணி என் காலை மிதித்தாள்.

ஆனால் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு?"

அண்ணி தீர்ப்பின் நகலை எடுத்து மடியில் விரித்தாள். "நீங்க பேங்க்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தீங்க, உங்க அம்மாவுக்கு..."

"அதெல்லாம் எனக்கே தெரியும்மா. அவ சொன்னான்னு எழுதியிருக்கா? அதைச் சொல்லு."

அண்ணியை ஒருவர் இடைமறித்ததற்காக நான் மகிழ்ந்தது அன்றுதான். அவள் பக்கங்களைத் திருப்பித் திருப்பித் தேடினாள். நடுவில் எங்கேயோ அந்த வரி இருந்தது: "பிரதிவாதி அவ்வாறு கூறியதை மறுக்கவில்லை."

அந்தப் பெண் தாளை வாங்கி, விரலை வைத்துப் படித்தாள். "பிரதிவாதின்னா அவதானே?"

"ஆமாங்க."

மறுபடி படித்தாள். "சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும், நான் அப்படிச் சொல்லவே இல்ல, அவளா கட்டிவிடுறான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. எங்க சித்தப்பா என்னைப் பொய்க்காரின்னு வாசல்ல வெச்சே சொன்னார். கூண்டுல ஏத்தினதும், சொன்னேன், ஆனா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்னா. எனக்கு அது போதும்னு எழுந்து வெளிய வந்துட்டேன். மாடி போச்சுங்கறது வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சுது."

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அப்புறம் என்ன, பை தைக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தருவியா? எங்க சித்தப்பா இன்னும் உசிரோடதான் இருக்கார்" என்றாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொடுத்தோம். அதை நாலாக மடித்துத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். என் பையின் ஜிப்புக்குக் கொஞ்சம் மெழுகு தடவிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அண்ணி பேசவே இல்லை. இது வழக்கத்தில் இல்லாத சங்கதி. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. பாதி வழியில் திடீரென்று, "உங்கிட்ட பென்சில் இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன். தீர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தாள். அடுத்து இன்னொரு வரி.

"என்ன பண்றீங்க?"

"மாடி உனக்குன்னு அந்த அக்கா சொன்னதை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. நான் இத்தனை நாளா சொன்னாங்களா இல்லையாங்கறதையே பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருந்தேன். ஒத்துக்கிட்ட விஷயத்துக்குக் கோர்ட் எதுக்கு?" இன்னொரு வரி போயிற்று. "ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டது எல்லாத்தையும் அடிச்சுட்டா, மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் கேள்வி. பேச்சுக்குச் சொன்னதா, கட்டுப்படணும்னு சொன்னதா. அவ்வளவுதான் இருக்கு இதுல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பென்சில் தேய்ந்தது. ஒவ்வொரு தீர்ப்பாக எடுத்து, ஒத்துக்கொண்டதை அடித்துக்கொண்டே போவாள். குதிரையின் கண் போயிற்று, குதிரையே போயிற்று. தாளின் நடுவில் இரண்டு வரி மட்டும் சுத்தமாக நிற்கும். அதை வைத்து எழுதினாள், நாலு வரி நாலே வரியாக வந்தது. வியாதி வீட்டுக்கும் பரவியது. வாளி உடைந்ததற்கு நானும் அண்ணனும் சண்டை போட்டபோது, "வாளி உடைஞ்சதை ரெண்டு பேரும் ஒத்துக்கறீங்க. அதை விடுங்க. யாரு வாங்கிட்டு வரணும்? அதை மட்டும் பேசுங்க" என்றாள். அண்ணன் "ம்" என்று போய் வாங்கிவந்தார்.

நான் எதற்கும் தீர்ப்பை முதலில் கேட்கிறவள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அண்ணி பாஸ். நல்ல மதிப்பெண். கல்லூரியில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது, இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். நான் சொல்ல வந்தது தேர்வு நடந்த அன்றைய சங்கதி.

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றேன். எல்லாருக்கும் முன்னால் அண்ணி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது. மூன்றாவது முறையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். இவளை இனி யார் தேற்றுவது, நானா, "ம்" சொல்கிற அந்த மனுஷனா?

"வரலையா?" என்றேன்.

"வந்துச்சு. அந்தக் கேஸேதான் வந்துச்சு. அக்கா தங்கச்சி."

"எழுதலையா?"

"எழுதிட்டேன். ஒரு பக்கம்கூட வரல. வேற எதுவும் எழுத வேண்டியதில்ல."

"அப்ப எதுக்கு அழறீங்க?"

வாசலில் பிள்ளைகள் விடையைப் பற்றிக் கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். அண்ணி ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"வேலையை விட்டுட்டு, அவங்க அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்களே, அத்தனை வருஷம். அவங்க பாத்துக்கலன்னு யாரும் சொல்லல. அந்த அக்காகூடச் சொல்லல. அதனால அதைத்தான் நான் மொதல்ல அடிச்சேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ் ஆயிடுவீங்கல்ல?" என்றேன் கடைசியில்.

"ஆயிடுவேன்" என்றாள் அண்ணி. "அதான் அழுகை வருது."