வாசலில் வேண்டாத கேமரா

புதுச்சத்திரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்த அவருக்கு ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது. யாரோ இரண்டு முறை கடைக்குத் தீ வைத்த பிறகு, கேமரா பொருத்த என்னைக் கூப்பிட்டார். கடையைச் சுற்றிக் கிடந்த காகிதம், சருகு, பஞ்சு எதைக் கண்டாலும் குனிந்து பொறுக்கித் தண்ணீர் வாளியில் போட்டபடியே பேசினார்.

தீ வைத்தவன் பெட்ரோல் ஊற்றியிருந்த வாசல் ஷட்டருக்கு மேலே ஏணியைச் சாய்த்தேன்.

“அங்க வேண்டாமுங்க சாமி. உள்ள மட்டும் வெச்சுக் குடுங்க.”

“வாசல்ல வெச்சாத்தானுங்க ஆளு யாருன்னு தெரியும்?”

“தெரிஞ்சுருமுங்களே. என்ற தம்பியா இருந்துட்டா, அப்பறம் நான் எங்கீங்க போவேன்?”

அவர் சொன்னபடியே பொருத்தினேன். மூன்றாவது தீயில் கடை முழுதும் போய்விட்டது. நடந்ததை விசாரிக்கப் போனபோது, தன்னோடு சேர்ந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தவரைக் காட்டி, “என்ற தம்பிங்க” என்றார். அந்தத் தம்பியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.